கொடுத்த புடவைக்குக் காவல்

வித்துட்டாளாம். எங்கள் தெருவில் இந்த வாரம் முழுக்க இதே பேச்சு. வேலூர் சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டில் எதிர்வீட்டு அக்கா, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குப் பழைய புடவைகள் கொடுத்திருக்கிறார். அவள் ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவனிடம் போட்டு ஒரு அலுமினியக் குண்டான் வாங்கிவிட்டாள். "கட்டிக்கத்தானே குடுத்தேன், விக்கவா குடுத்தேன்?" என்று அக்கா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்கிறார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அந்தப் புடவைகள் அக்காவின் பீரோவில் எத்தனை வருஷம் கிடந்தன? ஜரிகை கறுத்து, மடிப்போடு நைந்து, இடத்தை அடைக்கிறதே என்றுதானே வெளியே வந்தன? உனக்கு என்ன வேணும் என்று அவளை யாராவது கேட்டோமா? அவளுக்குக் குண்டான் தேவைப்பட்டது. புடவையைக் குண்டான் ஆக்கிக்கொண்டாள். இதில் அக்காவுக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கையை விட்டுப் போன பொருளின் பின்னாலேயே காவலுக்குப் போகிற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது?

இதே ஆட்கள்தான் டீக்கடையில் அரசாங்கப் பொருளைப் பற்றியும் இப்படிப் பேசுவார்கள். 2006-இல் கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தபோதும், 2011-இல் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், பள்ளிப் பிள்ளைகளுக்கு லேப்டாப் என்று வந்தபோதும், "வாங்கின கையோட வித்துட்டானுங்க" என்ற புலம்பல்தான் காதில் அதிகம் விழுந்தது. ஏற்கனவே ஒரு மிக்ஸி ஓடுகிற வீட்டில் இரண்டாவது மிக்ஸியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வித்திருப்பார்கள். லேப்டாப்பை மட்டும் நான் வேறு கணக்கில் வைப்பேன். அது வீட்டுக்கு வந்த பொருள் அல்ல, பிளஸ் டூ படிக்கிற பிள்ளையின் கைக்கு வந்தது. அதை அப்பன் எடுத்துப் போய் விற்றுவிட்டு டாஸ்மாக்குக்குப் போனால், அவன் விற்றது தன் பொருளை அல்ல.

ரேஷன் அரிசி இன்னும் சிக்கலான சங்கதி. 2011 ஜூனிலிருந்து அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. சாப்பிடாதவர்கள் கிலோவுக்குச் சில ரூபாய் வாங்கிக்கொண்டு வீடு தேடி வரும் ஆளிடம் அளந்துவிடுகிறார்கள். விற்கக் கூடாதுதான். ஆனால் சர்க்கரை வியாதிக்குப் பயந்து கோதுமைக்கு மாறிய பாட்டி தன் பங்கு அரிசியை விற்று மாத்திரை வாங்கினால் எனக்குக் கோபம் வருவதில்லை. கோபம் அதற்கு மேலே வருகிறது. அந்தச் சின்னச் சின்னப் பைகள் ஓரிடத்தில் மூட்டையாகி, காட்பாடியில் ரயிலேறி, இல்லையென்றால் கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடி வழியாக வண்டியில் ஆந்திராவுக்குப் போகின்றன. அங்கே பாலிஷ் போட்டு, வேறு பெயர் போட்ட பையில் அந்த அரிசி கடைக்கு வருகிறது. காட்பாடி ஸ்டேஷனில் சீட்டுக்கு அடியில் "கேட்பாரற்றுக் கிடந்த" மூட்டைகள் பிடிபட்ட செய்தி வராத மாதம் குறைவு. மூட்டை அகப்படுகிறது, மூட்டைக்காரன் அகப்படுவதில்லை.

இதையெல்லாம் ஒருபுறம் வைத்துவிடுகிறேன். எனக்கு உண்மையாகவே வயிற்றெரிச்சல் தருவது எங்கள் தெருவுக்கு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வரும் ஒரு வேன். "ஆதரவற்ற குழந்தைகளுக்காக, பழைய துணி, பாத்திரம், செருப்பு, பொம்மை, எதுவா இருந்தாலும் குடுங்க தாயே" என்று பதிவு செய்த குரல். இறங்கி வருகிற ஆள் கிழிந்ததைத் தொட மாட்டான். நல்ல சட்டை, பூப்போட்ட நைட்டி, குக்கர் என்றால் சட்டென்று கை நீளும். இல்லம் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை கேட்டால் ஆம்பூர் பக்கம், இன்னொரு முறை கேட்டால் திருவண்ணாமலை பக்கம். ரசீது கேட்டால் அடுத்த முறை கொண்டு வருகிறானாம். அடுத்த முறை வருகிறான், ரசீது வருவதில்லை.

நானும் அந்த வேனுக்கு ஒரு மூட்டை கொடுத்த பிறகு ஒருநாள் நடைபாதைக் கடையில், "எதை எடுத்தாலும் அம்பது" குவியலில், என் பையனின் கல்லூரிப் பெயரும் வருஷமும் அச்சடித்த டீ-ஷர்ட் கிடக்கிறது. அதே மாதிரி சட்டை அவன் வகுப்பில் எல்லாரிடமும் இருந்தது, அதனால் இதை வைத்து யார் மேலும் பழி போட முடியாது. கடைக்காரர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அவர் காசு கொடுத்து வாங்கி, வெயிலில் நின்று விற்கிறார். அதை வாங்குகிற கட்டட வேலைக்காரருக்கு அம்பது ரூபாயில் ஒரு முழுச் சட்டை. துணி போக வேண்டிய உடம்புக்குத்தான் போயிருக்கிறது. ஆனால் நடுவில் ஒருவன் இல்லாத குழந்தைகளைக் காட்டி வாங்கினானே, அந்த இடம்தான் உறுத்துகிறது. "பழைய துணி எடுத்து விக்கிறேன் சார், பொழப்பு இது" என்று சொல்லியிருந்தாலும் அதே மூட்டையை அவனிடமே கொடுத்திருப்பேன். இன்னும் சந்தோஷமாகக்கூடக் கொடுத்திருப்பேன்.

இதைச் சொன்னால், "தூக்கிப் போட்டதுதானே, யார் எடுத்தா என்ன?" என்பார்கள். தூக்கிப் போட்டது வேறு, ஒருவருக்கென்று வைத்தது வேறு. இங்கிலாந்தில் பேசில்டன் என்ற ஊரில் இந்த வழக்கே நடந்தது. இருதய நோய்க்கான ஓர் அறக்கட்டளையின் கடை வாசலில் யாரோ வைத்துவிட்டுப் போன துணிப் பைகளை ஒருவர் அள்ளிக்கொண்டு போனார். கேட்டால், அனாமத்தாகக் கிடந்தது என்றார். 2010-இல் லண்டன் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வைத்தவர் அந்தக் கடைக்குக் கொடுக்கத்தான் வைத்தார், கடை எடுத்துக்கொள்ளும் வரை அது வைத்தவரின் பொருள், எடுத்ததைத் திருட்டு என்று விசாரிக்கலாம் என்று சொல்லிவிட்டது. நம் ஊர்ச் சட்டத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை, பொய் சொல்லிப் பொருளை வாங்கினால் ஏமாற்று வேலைதான். ஆனால் ரெண்டு நைட்டிக்காக சத்துவாச்சாரி போலீஸ் ஸ்டேஷன் படியேற எவருக்குப் பொழுது இருக்கிறது? வேன்காரனுக்கு அது தெரியும்.

தானமாக வந்ததை விற்பதே பாவம் என்று பேசுகிறவர்கள் பக்ரீத் சமயத்தில் எங்கள் பக்கம் வந்து பார்க்க வேண்டும். மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோலை நம்பிப் பிழைக்கும் ஊர்கள். குர்பானி கொடுத்தவர் அந்தத் தோலை விற்றுக் காசைத் தான் வைத்துக்கொள்ளக் கூடாது, அறுத்தவருக்குக் கூலியாகவும் தரக் கூடாது. தானே பயன்படுத்தலாம், அல்லது தர்மமாகக் கொடுக்கலாம். அதனால் மதரசாவிலிருந்தும் அனாதை இல்லங்களிலிருந்தும் பையன்கள் வந்து தோலை வாங்கிப் போவார்கள். உப்புப் போட்டு வைத்து வியாபாரிக்கு விற்பார்கள், அந்தப் பணம் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் போகும். கொடுக்கிறவருக்கு அது விற்கப்படும் என்று தெரியும். எதற்காக விற்கப்படுகிறது என்றும் தெரியும். ஒளிவுமறைவு கிடையாது.

அந்த நல்ல ஏற்பாட்டிலும் இப்போது மண் விழுந்திருக்கிறது என்பது வேறு வருத்தம். ரெக்சின் வகையறாக்கள் பெருகி, ஏற்றுமதியும் சுருங்கி, பச்சைத் தோல் விலை அதலபாதாளத்துக்குப் போய்விட்டது. உப்புக்கும் வண்டி வாடகைக்கும் கட்டுப்படியாகாமல் தோலைக் குழி தோண்டிப் புதைத்த ஊர்கள்கூட நாட்டில் உண்டு. "முன்னெல்லாம் தோலுக்குப் போட்டி போட்டுக்கிட்டு வருவாங்க, இப்ப நாமளே ஆளைத் தேடணும்" என்று தெரிந்த பாய் ஒருவர் சலித்துக்கொண்டார்.

அட, ஒளிவுமறைவு இல்லாமல் விற்பது என்ன கஷ்டம்? ஆம்பூரில் ஷூ விற்கிறவர்கள்கூட ஏற்றுமதியில் கழிந்த சரக்கை ரிஜெக்ட் என்று வாய்விட்டுச் சொல்லித்தானே விற்கிறார்கள். தையல் கோணல் எங்கே என்று அவர்களே காட்டுவார்கள்.

கொடுக்கிற நம் லட்சணத்தையும் பேச வேண்டும். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் மலை மலையாகக் குவிந்து கிடந்த பழந்துணியை மறந்துவிட்டோமா? கிழிந்த பேண்ட், ஊக்குப் போட்ட ஜாக்கெட், கடலோர வெக்கைக்குக் கம்பளி ஸ்வெட்டர். மீனவர்கள் அதைத் தொட மறுத்தார்கள். வீட்டையும் வலையையும் இழந்தவர்கள் மானத்தை இழக்கவில்லை. கடைசியில் தில்லியிலிருந்து வந்த கூஞ்ச் அமைப்பு அந்தக் குவியலிலிருந்து பொறுக்கி, தரம் பிரித்து, உபயோகப்படுத்த வேண்டியிருந்தது. நாம் அனுப்பியது குப்பை, பெயர் மட்டும் நிவாரணம்.

இதே கதைதான் கடல் தாண்டியும். பணக்கார நாடுகளில் தர்மப் பெட்டியில் போடும் துணியில் பெரும்பகுதி பேல் கட்டி விற்கப்படுகிறது. கானாவின் அக்ரா நகரில் காந்தமான்டோ என்று அதற்கென்றே ஒரு பெரிய சந்தை இருக்கிறது. பேலைப் பிரிக்காமலே காசு கட்டி வாங்க வேண்டும். உள்ளே கறை படிந்த சட்டையாக இருந்தால் நஷ்டம் அந்தக் கடைக்காரப் பெண்ணுக்கு. இங்கே பானிபட்டில் வெளிநாட்டுக் கம்பளித் துணியைக் கிழித்து நூலாக்கி மலிவுப் போர்வை நெய்கிறார்கள். வெள்ளம், புயல் என்றால் அந்தப் போர்வைதான் திரும்பவும் நிவாரணமாக வருகிறது. யாரோ கழித்ததை யாரோ விற்று, அது மறுபடியும் தர்மமாகி வருகிறது. நடுவில் நாலு பேர் பிழைக்கிறார்கள் என்பதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது.

குப்பையும் காசுதான் என்று ஊர் ஊராகப் போய்ச் செய்துகாட்டிய சி. சீனிவாசன் எங்கள் வேலூர்க்காரர். அவர் ஊரில் இருந்துகொண்டு, தூய்மைப் பணிக்கு வரும் அம்மா நம் குப்பைக்கூடையிலிருந்து ஒரு நல்ல செருப்பைத் தனியே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால், "ஏய், அது இன்னா எடுக்குற?" என்று மாடியிலிருந்து அதட்டுகிறார்கள். வேனுக்கு மட்டும் கேட்டைத் திறந்து, கும்பிட்டு, மூட்டையை ஏற்றிவிடுகிறார்கள். அந்த அம்மா யார் பேரையும் சொல்லிக் கேட்கவில்லை. வேலைக்கு வந்த இடத்தில் கண்ணில் பட்டதை எடுத்தார்.

அதனால் இந்தத் தடவை சேர்த்து வைத்த மூட்டையை வேன்காரனுக்குக் கொடுக்கவில்லை. குப்பை வண்டி வந்ததும் அந்த அம்மாவிடமே நீட்டி, "வேணும்னா போட்டுக்கோங்க, இல்லன்னா வித்துக்கோங்க" என்றேன். அவர் அங்கேயே வண்டி ஓரமாக மூட்டையைப் பிரித்து, ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார். இரண்டு பேண்ட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். "இன்னா சார் இது, ஜிப்பே இல்ல. இத எவன் வாங்குவான்? சட்டைய மட்டும் எடுத்துக்கிறேன்."