‘கரண்ட்’ வைக்கும் அறையில் ‘நிறுத்து’ என்று யார் சொல்லலாம்? கதிர்வீச்சு சிகிச்சைப் பாதுகாப்பு - ஒரு விளக்கம்

“அப்பாவுக்கு 25 நாள் கரண்ட் வைக்கணும்னு சொல்லிட்டாங்க.” புற்றுநோய் வந்த வீடுகளில் இப்படித்தான் பேசிக்கொள்கிறோம். கதிர்வீச்சு சிகிச்சைக்கு நம் ஊரில் நிலைத்துவிட்ட பெயர் ‘கரண்ட்’. புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இது தேவைப்படுகிறது.

சிகிச்சையை முடிவு செய்வது டாக்டர். ஆனால், அந்த 25 நாளும் நோயாளியைப் படுக்கவைத்து, உடலில் போட்ட குறியைச் சரிபார்த்து, மெஷினை இயக்குபவர் ரேடியோதெரபி டெக்னாலஜிஸ்ட். இவர்களுடைய படிப்பையும் பதிவையும் நாடு முழுக்க ஒரே முறைக்குள் கொண்டுவர 2021-ல் தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்முறை ஆணையச் சட்டம் வந்தது. இந்தப் படிப்பில் சேரும் மாணவர்கள் முதலில் கற்க வேண்டியது என்ன? மெஷினை இயக்குவதைவிட, எப்போது நிறுத்துவது என்பதுதான். கடந்த 40 ஆண்டுகளில் நடந்த பெரிய விபத்துகள் சொல்லும் பாடமும் அதுவே.

உடம்புக்குத் தெரியாதா?

தெரியாது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

கதிர்வீச்சை ‘கிரே’ என்ற அலகில் அளக்கிறார்கள். ஒரு கிலோ உடல் திசு ஒரு ஜூல் ஆற்றலை உறிஞ்சினால் அது 1 கிரே. வழக்கமான சிகிச்சையில் நாளொன்றுக்குச் சுமார் 2 கிரே, அதுவும் கட்டி இருக்கும் சிறு பகுதிக்கு மட்டும் தரப்படுகிறது. உடல் முழுக்க ஒரே நேரத்தில் 4 கிரே பட்டு, மருத்துவ உதவியும் கிடைக்காவிட்டால் சுமார் பாதிப் பேர் இறந்துவிடுவார்கள். ஆனால், அந்த 4 கிரே உடலின் வெப்பநிலையை எவ்வளவு உயர்த்தும் தெரியுமா? ஒரு டிகிரியில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு!

அதாவது, உயிரைப் பறிக்கும் அளவு பட்டாலும் அந்த நொடியில் சூடோ வலியோ தெரியாது. தோல் சிவப்பது, புண் ஆவது எல்லாம் சில நாள், சில வாரம், சில நேரம் பல மாதம் கழித்துத்தான் வெளியே வரும். சமையலறையில் கை சுட்டால் உடனே இழுத்துக்கொள்கிறோமே, அந்த எச்சரிக்கை மணி இங்கே கிடையாது. அதற்குப் பதிலாக இருப்பவை அளவைச் சரிபார்க்கும் நடைமுறைகளும் அவற்றைச் செய்யும் மனிதர்களும்தான்.

தெராக்-25: சுட்டுச்சுன்னு சொன்னாங்க, நம்பலை

கனடாவின் ஏஇசிஎல் நிறுவனம் தயாரித்த கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம் தெராக்-25. முந்தைய மாடலில் தவறான அளவு வெளியேறாமல் தடுக்கத் தனிப் பூட்டுகள் கருவியிலேயே இருந்தன. தெராக்-25-ல் அந்த வேலையின் பெரும்பகுதி மென்பொருளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 6 பேருக்கு மிகையான கதிர்வீச்சு பாய்ந்தது. குறைந்தது 3 பேர் அதனால் இறந்தார்கள்.

முதல் சம்பவம் ஜார்ஜியா மாநிலத்தில், 1985 ஜூனில். தன்னைச் சுட்டுவிட்டதாக அந்தப் பெண் உடனே சொன்னார். அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று பதில் வந்தது. பின்னாளில் அவரது மார்பகத்தையே அகற்ற வேண்டியதாயிற்று.

1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலம் டைலர் நகரில் நடந்தது இன்னும் கொடுமை. இயந்திரத்தை இயக்கியவர் எலக்ட்ரானுக்கு உரிய எழுத்துக்குப் பதிலாக எக்ஸ்-ரே எழுத்தைத் தட்டிவிட்டார்; சட்டென்று திருத்தியும்விட்டார். அந்த வேகமான திருத்தத்தை மென்பொருள் முழுமையாக உள்வாங்கவில்லை. திரையில் ‘பழுது 54’ என்று மட்டும் வந்தது. குறைந்த அளவே போயிருப்பதாகத் திரை காட்டியது. இதுபோன்ற பழுதுச் செய்திகள் அடிக்கடி வந்துபோகும் என்பதால், அவர் ‘தொடரவும்’ பொத்தானை அழுத்தினார்.

உள்ளே படுத்திருந்தவருக்கு ஷாக் அடித்ததுபோல இருந்தது. எழ முயன்றபோது இரண்டாவது முறையும் பாய்ந்தது. கதவைத் தட்டித்தான் அவர் வெளியே வர முடிந்தது. காரணம், அன்று அறையின் வீடியோ இணைப்பு போடப்படவில்லை, ஆடியோவும் பழுது. அவருக்குத் திட்டமிட்ட அளவு 1.8 கிரே. பாய்ந்தது 165 முதல் 250 கிரே வரை இருக்கலாம் என்று பிறகு கணக்கிட்டார்கள். 5 மாதங்களில் அவர் இறந்துபோனார்.

நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்து சோதித்தார்கள். எந்தக் கோளாறும் அகப்படவில்லை. மெஷின் மறுபடி ஓடியது. ஏப்ரல் 11 அன்று அதே ஊரில் அடுத்த விபத்து. இம்முறை ஆடியோ வேலை செய்ததால் நோயாளியின் அலறல் கேட்டு ஊழியர் ஓடினார். அதன் பிறகு அங்கிருந்த மருத்துவ இயற்பியலாளரும் அதே ஊழியரும் உட்கார்ந்து, எந்த வேகத்தில், எந்த வரிசையில் பொத்தான்களைத் தட்டினோம் என்று திரும்பத் திரும்ப முயன்று பார்த்தார்கள். கோளாறைக் கண்டுபிடித்தது அவர்கள்தான்.

எபினால்: யாருக்கும் எதுவும் தெரியலை

டைலரில் நோயாளிக்கு வலித்தது. பிரான்சின் எபினால் நகரில் அதுகூட இல்லை. 2004 மே முதல் 2005 மே வரை அங்கே புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒரு குழுவில் 24 பேருக்குச் சுமார் 20 சதவீதம் அதிகக் கதிர்வீச்சு போயிருந்தது. குடலிலும் சிறுநீர்ப்பையிலும் கடும் பாதிப்புகள் மாதங்கள் கழித்தே தெரிந்தன. சிலர் இறந்தார்கள்.

நடந்தது இதுதான். கதிரைச் சாய்வாக வடிவமைக்க, முன்பு ஆப்பு வடிவ உலோகத் துண்டை வைப்பார்கள். அது கதிரில் ஒரு பங்கை விழுங்கிவிடும் என்பதால் மென்பொருள் கூடுதல் நேரம் போட்டுக் கணக்கிடும். புதிய முறையில் உலோகத் துண்டே கிடையாது. ஆனால், திட்டமிடும் திரையில் பழைய முறையே தேர்வானது. துண்டு இல்லை, கூடுதல் நேரம் மட்டும் இருந்தது.

அந்த மென்பொருளின் திரை ஆங்கிலத்தில் இருந்தது. பிரெஞ்சில் ஒரு வழிகாட்டிக் கையேடுகூட ஊழியர்களிடம் இல்லை. போதுமான பயிற்சியும் இல்லை. அளவை இன்னொரு முறை தனியாகக் கணக்கிட்டுப் பார்க்கும் பழைய ஏற்பாடு புதிய முறைக்குப் பொருந்தாததால் கைவிடப்பட்டிருந்தது. 2013-ல் இரண்டு டாக்டர்களுக்கும் மருத்துவ இயற்பியலாளருக்கும் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது.

அப்போ பயப்படணுமா?

வேண்டாம். 1976 முதல் 2007 வரை உலகளவில் பதிவான விபத்துகளை உலக சுகாதார நிறுவனம் 2008-ல் தொகுத்தது. பாதிக்கப்பட்டதாகத் தெரிய வந்தவர்கள் 3,125 பேர். மிகைக் கதிர்வீச்சால் இறந்தவர்கள் 38 பேர். வெளியே வராதவையும் இருக்கும் என்றாலும், இதே காலத்தில் சிகிச்சை பெற்றவர்கள் கோடிக்கணக்கில். தேவையான சிகிச்சையைப் பயந்து தள்ளிப்போடுவதுதான் பெரிய ஆபத்து.

அந்தத் தொகுப்பில் கவனிக்க வேண்டிய எண்ணிக்கை இன்னொன்று உண்டு: பாதிப்பு நிகழும் முன்பே யாரோ கவனித்துத் தடுத்துவிட்ட பிழைகள் 4,000-க்கும் மேல். யாரோ ஒருவர் “ஒரு நிமிஷம் சார், இது சரியா இருக்கா?” என்று கேட்டதன் பலன் அது.

மாணவர்கள் கற்க வேண்டிய அடிப்படைகள்

· ஆள் சரியா? பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தலையாட்டினால் போதாது. “உங்க பேர் என்னம்மா? பிறந்த தேதி என்ன? எந்த இடத்துல ட்ரீட்மென்ட்?” என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். கோப்பில் உள்ள படத்தோடு ஒப்பிட வேண்டும்.

· கேமராவும் மைக்கும் வேலை செய்யாவிட்டால் சிகிச்சை கிடையாது. வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் இதில் சமரசம் கூடாது.

· புரியாத எச்சரிக்கை திரையில் வந்தால் ‘தொடரவும்’ அழுத்தக் கூடாது. மருத்துவ இயற்பியலாளரைக் கூப்பிட வேண்டும்.

· “தம்பி, சுடுதுப்பா” என்று நோயாளி சொன்னால், முதலில் நிறுத்த வேண்டும், விசாரணை பிறகு.

· மானம் காப்பதும் சிகிச்சையின் பகுதிதான். மார்பகச் சிகிச்சையில் தேவையான பகுதியை மட்டும் திறக்க வேண்டும். முடிந்ததும் மூட வேண்டும். கர்ப்பமா என்று பெண்களிடம் கேட்பதைக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் கேட்கக் கூடாது. நோயாளியின் படமோ ரிப்போர்ட்டோ வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகக் கூடாது.

· “எனக்குக் குணமாயிடுமா?” என்ற கேள்விக்கு டெக்னாலஜிஸ்ட் ஆருடம் சொல்லக் கூடாது, பொய்யும் கூடாது. கேள்வியை டாக்டரிடம் சேர்ப்பதே சரி. நம் வீடுகளில் நோயின் பெயரையே பெரியவர்களிடம் மறைக்கும் வழக்கம் உண்டு. சம்மதக் கையெழுத்து, நோயாளிக்குப் புரிந்து அவரே போடுவதாக இருக்க வேண்டும்.

இந்தியாவில் யார் கண்காணிக்கிறார்கள்?

1983-ல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 2004-ன் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி, மருத்துவமனை இதன் உரிமம் பெற வேண்டும். வாரியம் ஏற்றுக்கொண்ட கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் அங்கே இருக்க வேண்டும். ஊழியர்கள் நெஞ்சில் அணியும் டிஎல்டி பேட்ஜ், அவர்கள் மேல் பட்ட அளவைப் பதிவு செய்கிறது. ஊழியருக்கான உச்சவரம்பு, 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது.

நோயாளிக்கு இப்படி ஒரு பொது உச்சவரம்பு கிடையாது; அவரவர் நோய்க்கேற்ப டாக்டர் முடிவு செய்கிறார். ஆகவே பேட்ஜ் ஊழியரைக் காக்கிறது. நோயாளியைக் காப்பது, அந்த ஊழியர் கேள்வி கேட்கிறாரா என்பதுதான்.

சிகிச்சைக்குப் போகிறவர்கள் என்ன கேட்கலாம்?

மொத்தம் எத்தனை நாள், எந்த இடத்துக்கு, என்ன பக்கவிளைவு வரும், இரவில் பிரச்னை என்றால் யாருக்கு போன் செய்வது? இவற்றைத் தயங்காமல் கேளுங்கள். உடலில் போட்ட குறி அழிந்துவிட்டால் நீங்களே வரையாதீர்கள், சொல்லுங்கள். வேறு இடத்தில் குறி வைப்பதுபோலத் தோன்றினாலும் சொல்லுங்கள். மெஷின் வெளியிலிருந்து கதிர் செலுத்தும் சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவரிடம் கதிர்வீச்சு மிச்சமிருக்காது. பேரப்பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம்.

மீதிப் பொறுப்பு மருத்துவமனைகளுக்கு. சந்தேகம் எழுப்பி மெஷினை நிறுத்திய மாணவரிடம், “உன்னால கூட்டம் தேங்கிடுச்சு” என்று சீறினால், அடுத்த முறை அவர் நிறுத்த மாட்டார். அடுத்த ‘பழுது 54’ வரும்போது, அவர் விரலும் ‘தொடரவும்’ பொத்தானைத் தேடித்தான் போகும்.