மொறிஸ் மைனரும் ஒரு மணப்படமும்

திருகோணமலை உட்துறைமுக வீதியில் மாலையில் உலாவச் செல்வோர் கடற்காற்றைப் புகழாமல் திரும்புவதில்லை. ஆனால், மோட்டார் வண்டி வைத்திருப்போரைக் கேட்டால், அக்காற்றே தமக்கு முதற்பகை என்பர். அதிலுள்ள உப்பும் ஈரமும் இரும்பை ஓசையின்றி அரித்துவிடும்.

அண்மையில் இந்நகரத்து நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். கொட்டிலில், சக்கரங்கள் கழற்றப்பட்ட மொறிஸ் மைனர் ஒன்று மரக்கட்டைகளின்மேல் நின்றது. அது பாட்டனார் வாங்கிய வண்டி. அதைப் புதுப்பிக்க விரும்பிய நண்பர், முன்பு ஒரு கராஜில் ஒப்படைத்தாராம். அங்கே யாவற்றையும் கழற்றினர். வேலையோ பாதியில் நின்றது. திரும்பி வந்தவை வெறுங்கூடும் மூன்று சாக்கு உதிரிப்பாகங்களுமே. எந்த ஆணி எந்தத் துளைக்குரியது என்று சொல்வார் எவருமில்லை.

"கழற்றுமுன் நாலு படம் எடுத்து வைத்திருந்தால் இந்தப் பாடு இல்லை" என்றார் நண்பர்.

வீட்டிலிருந்த பழைய படங்களை 2004 டிசம்பர் 26இல் வந்த கடற்கோள் கொண்டுபோயிற்று. ஆயினும், கண்டியில் வாழும் அத்தையாரின் பெட்டியில் ஒரே ஒரு படம் எஞ்சியிருந்தது. மாலையும் கழுத்துமாகப் பாட்டனாரும் பாட்டியாரும் நிற்கின்றனர். அவர்களுக்குப் பின்னால் இதே வண்டி.

அப்படத்தை உற்று நோக்கியபோது வியப்பொன்று காத்திருந்தது. கொட்டிலில் நிற்கும் வண்டிக்கு முன்விளக்குகள் மட்காட்டின்மேல் உயர்ந்துள்ளன. படத்திலோ அவை நடுவலைத்தட்டின் இருபுறமும் தாழ அமைந்திருந்தன. அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்த மொறிஸ் மைனர், 1948இல் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. தொடக்கத்தில் வந்த வண்டிகளிலேயே விளக்குகள் அவ்வாறு தாழ இருந்தன. ஆகவே, இவ்வண்டியின் முன்புறம் எப்பொழுதோ மாற்றப்பட்டிருக்கிறது. குடும்பத்தார் எவரும் அறியாத இச்செய்தியை மணப்படம் சொல்லிற்று.

இத்தகைய மாற்றங்கள் நம் நாட்டுக்குப் புதியனவல்ல. 1960ஆம் ஆண்டுகளில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, உள்ள வண்டியையே திருத்தித் திருத்தி ஓட்டினர் நம்மவர். அந்தக் கைத்திறன் வீண்போகவில்லை. மொறிஸ் மைனருக்கான தகடுகளை இலங்கையிற் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய காலமும் உண்டு.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. பளபளக்கும் நாளில் மட்டும் படம் எடுக்காதீர்கள். வாங்கிய அன்றே நான்கு புறமும், அடிப்புறமும், இலக்கத் தகடும் எடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்திலிருந்து மீண்டும் எடுங்கள். துரு எங்கே முளைத்து எப்பக்கம் பரவுகிறது என்பது தானே புலப்படும். திருத்த வேலை தொடங்கினால், ஆணியைத் தளர்த்துமுன் ஒன்று, கழற்றியபின் ஒன்று. வயர்கள் எவ்வழி ஓடுகின்றன என்பதை நெருங்கி நின்று எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்தால் அளவும் விளங்கும்.

இவ்வூரில் இன்னும் இரண்டு கவனங்கள் வேண்டும். கடற்கரையில் எடுக்குமுன் வில்லையில் படிந்த உப்பீரத்தை மெல்லத் துடைத்துவிடுக. கடற்படைத் தளத்தின் வாயிலும் காவலரணும் பின்னணியில் விழாதவாறு பார்த்துக்கொள்க.

இன்று கைத்தொலைபேசி ஆயிரம் படம் எடுக்கும். அது பழுதானால் ஆயிரமும் போகும். முக்கியமானவற்றை அச்சிட்டு, பின்புறத்தில் திகதி எழுதி, ஒரு பிரதியை வெளியூர் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். அத்தையாரின் பெட்டி கற்பித்த பாடம் அது.

விடைபெறும் வேளையில், வண்டியோடு குடும்பத்தாரை ஒரு படம் எடுக்க விரும்பினோம். "இந்தக் கோலத்திலா? வேலை முடியட்டும்" என்று தயங்கினார் நண்பர். இந்தக் கோலத்தில்தான் என்றோம். துருப்படிந்த கையோடு அவர் நிற்க, சக்கரமில்லாத வண்டிக்குள் ஏறிய அவருடைய இளைய மகள் சுக்கானைப் பற்றிக்கொண்டாள். அப்படத்தின் பிரதியொன்று மறுநாளே கண்டிக்குப் புறப்பட்டது.