வெளிச்சம் ஏன் மேலே போயிற்று?

எதிரே வருகிற வண்டிக்காரர்கள் விளக்கைக் கண்ணில் அடிக்கிறார்கள் என்று சில வாரங்களுக்கு முன்பு இதே பகுதியில் நான் ஆத்திரத்துடன் எழுதியிருந்தது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். 'விளக்கைத் தணிக்கத் தெரியாதவர்கள் வண்டி ஓட்டவே தகுதியற்றவர்கள்' என்று ஒரு வரி கூடப் போட்டிருந்தேன். அந்த வரியை இப்போது வாபஸ் வாங்கிக் கொள்கிறேன். தகுதியற்றவர்களின் ஜாபிதாவில் அடியேன் பெயரும் இருக்கிறது என்பது சென்ற மாதம்தான் தெரிந்தது.

என் மாமியார் வீடு பாபநாசத்தில் இருக்கிறது. இரண்டு நாள் லீவுக்குப் போய்விட்டு, மாலையில் நானும் மனைவியும் மோட்டார் சைக்கிளில் தஞ்சாவூருக்குப் புறப்பட்டோம். மாமியார் வீட்டிலிருந்து வெறுங்கையுடன் திரும்புவது என்பது நம் நாட்டில் ஏது? வயலில் விளைந்த அரிசி ஒரு சிப்பம், 25 கிலோ. கொல்லையில் காய்த்த தேங்காய் பதினைந்து. சிப்பம் என் மனைவிக்குப் பின்னால் காரியரில் ஏறிற்று. தேங்காய்ப் பை பக்கத்தில் தொங்கிற்று.

இருட்டியது. எதிரே வந்த கார், லாரி, ஸ்கூட்டர் ஒவ்வொன்றும் விளக்கை அணைத்து அணைத்து ஏற்றிக் காட்டின. நானோ யோக்கியமாக 'டிம்'மில்தான் போய்க் கொண்டிருந்தேன்.

"என்னங்க, வர்றவங்க எல்லாம் நம்மளைப் பார்த்துக் கண்ணடிக்கிறாங்களே?" என்றாள் என் மனைவி.

"உன் தேங்காய்ப் பையைப் பார்த்துத்தான்" என்று ஹாஸ்யம் செய்தேன்.

ஒரு வளைவில் அந்த ஹாஸ்யம் அடங்கிப் போயிற்று. எதிரே சைக்கிளில் பால் கேனுடன் ஒரு பெரியவர் வந்தார். ஒரு கையால் கண்ணை மறைத்துக் கொண்டார். அடுத்த கணம் சைக்கிள் தார் ரோட்டை விட்டு இறங்கிப் புல்லில் சாய்ந்தது. ஓடிப் போய்த் தூக்கினோம். முழங்கையில் சிராய்ப்பு, பால் பாதிக்கு மேல் மண்ணில். நாலடி தள்ளி, வாய்க்காலில் கரை தொட்டுத் தண்ணீர் ஓடிக் கொண்டிருந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. "லைட்டு தூக்கி அடிக்குது தம்பி. ரோடே தெரியல்லே" என்றார். அவ்வளவுதான். பாலுக்குப் பணம் கொடுத்தேன், வாங்கிக் கொண்டார். அந்த வாய்க்காலுக்கு என்ன விலை கொடுத்திருப்பேன் என்று எண்ணியபோது அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை மெக்கானிக் கடைக்குப் போய், "அண்ணே, ஹெட்லைட்டைக் கொஞ்சம் கீழே இறக்குங்க" என்றேன். தலை நரைத்த அந்த மனிதர் ஹெட்லைட் பக்கம் போகவே இல்லை. வண்டியின் பின்பக்கமாகப் போய்க் குந்தினார்.

"நேத்து பின்னாடி என்ன ஏத்தினீங்க, தம்பி?"

நான் கணக்குச் சொன்னேன்: நான் 62 கிலோ, மனைவி 55, அரிசி 25, தேங்காய் ஒரு 8. ஆக 150.

"பின்னாடி உட்கார்ந்திருச்சு. மூக்கைத் தூக்கிக்கிட்டு ஓடியிருக்கு. விளக்கு என்ன செய்யும்? அதுவும் மேலேதான் பார்க்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்து காகிதத்தில் கணக்குப் போட்டேன். என் வண்டியின் இரண்டு சக்கரங்களின் நடுப்புள்ளிகளுக்கும் இடையே 125 செ.மீ. பாரத்தால் பின்பக்கம் 4 செ.மீ. அதிகமாகத் தாழ்ந்தால், 25 மீட்டர் தூரத்தில் ஒளி 80 செ.மீ. உயர்ந்துவிடுகிறது. 50 மீட்டரில் 160 செ.மீ.! முன்பு அந்த இடத்தில் தரையைத் தொட்ட வெளிச்சம், இப்போது சைக்கிளில் வருகிறவரின் கண்ணுக்கு நேராக நிற்கிறது. கட்டை விரல் நீளம் கூட இல்லாத தாழ்வு, ஒரு மனிதரை வாய்க்கால் கரைக்குத் தள்ளிவிட்டது.

இதற்கு மாற்று வண்டியிலேயே இருக்கிறது. பின் சக்கரத்துக்கு இரு பக்கமும் ஸ்பிரிங் சுற்றிய ஷாக் அப்ஸார்பர் நிற்கிறதல்லவா? பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் அந்த ஸ்பிரிங்கின் ஒரு நுனியில் மாடிப்படி போல வெட்டிய வளையம் ஒன்று இருக்கும். மூன்று படி அல்லது ஐந்து படி. வண்டியோடு கொடுக்கும் கொக்கி ஸ்பானரால் வளையத்தைத் திருப்பினால் ஒரு படி ஏறும். ஸ்பிரிங் அந்த அளவு முன்கூட்டியே அமுங்கும். ஆறு வருஷமாக நான் ஓட்டுகிற வண்டி. அந்த ஸ்பானர் உறை பிரிக்காமல் ஸீட்டுக்கு அடியில் தூங்கிக் கொண்டிருந்தது.

படியை ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். ஸ்பிரிங் மாறுவதில்லை. இரண்டு மடங்கு பாரம் வைத்தால் இரண்டு மடங்கு அமுங்கும் என்று ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி 1678-ல் வெளியிட்ட விதி எந்தப் படியிலும் செல்லும். படியை ஏற்றும்போது வண்டி நிற்கும் உயரம்தான் கூடுகிறது. தாழ்ந்து போனதைத் தூக்கி, பழைய மட்டத்துக்குக் கொண்டு வருகிறது.

இதனால் விளக்கு மட்டும் அல்ல, கைப்பிடியும் நேராகிறது. பின்பக்கம் தாழ்ந்த வண்டியில் முன் சக்கரம் இலேசாகி, தரையை அழுத்திப் பிடிக்காது. கைப்பிடி ஆடும், வளைவில் நாம் திருப்புகிற இடத்தில் திரும்பாமல் அகலமாகப் போகும். பள்ளம் வந்தால் ஸ்பிரிங்குக்கு அமுங்க இடம் மிச்சமிராது. 'டங்'கென்று அடி விழும். அந்த அடியை வாங்குவது பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பு.

அப்படியானால் எப்போதும் கடைசிப் படியில் வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அதையும் செய்து பார்த்தேன். மறுநாள் தனியே ஆபீசுக்குப் போகையில், சிறு கல்லுக்கெல்லாம் பின் சக்கரம் எகிறிக் குதித்தது. குதிக்கிற சக்கரத்துக்குப் பிரேக் பிடிக்காது. ஆகையால் தனியாகப் போகும் நாளில் கீழ்ப்படி, துணையோடு போகும் நாளில் மேல்படி. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும் என்பது முக்கியம்.

எந்தப் படி சரி என்பதற்கு வீட்டிலேயே ஒரு பரீட்சை உண்டு. சமதரையில், சுவருக்கு 5 மீட்டர் எதிரே வண்டியை நிறுத்துங்கள். நீங்கள் மட்டும் உட்கார்ந்து விளக்கைத் தணித்துப் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பில் வீட்டார் ஒருவர் சாக்கட்டியால் கோடு போடட்டும். பிறகு வழக்கமாகப் பின்னால் உட்காருபவரும் ஏறட்டும். வெளிச்சம் கோட்டைத் தாண்டும். நான் சொன்ன 4 செ.மீ. தாழ்வுக்கு அது 16 செ.மீ. மேலே போகும். இறங்கி ஒவ்வொரு படியாக ஏற்றிப் பாருங்கள். வெளிச்சம் கோட்டுக்கு மிக அருகில் எந்தப் படியில் வருகிறதோ, அதுவே உங்கள் இருவருக்கான படி. எங்கள் வீட்டில் அது மூன்றாவது படி.

இன்னும் இரண்டு சோதனைகள். ஸீட்டைப் பலமாக அமுக்கி விடுங்கள். எழும்பி உடனே நின்றால் நல்லது. இரண்டு மூன்று தரம் ஊஞ்சலாடினால் ஷாக் அப்ஸார்பருக்குள் இருக்கும் எண்ணெய் கசிந்து போயிருக்கிறது என்று அர்த்தம். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்குவது எண்ணெய். எண்ணெய் போன பிறகு படியைத் திருப்பிப் பயனில்லை. அடுத்தது டயர் காற்று. வண்டிப் புத்தகத்தில் பின் சக்கரத்துக்குத் தனியாகப் போக ஒரு அளவும் இருவர் போக ஒரு அளவும் போட்டிருப்பார்கள். இருவர் போகும் நாளில் இரண்டாவது அளவுதான்.

எல்லாம் கற்றுக் கொண்டு, "இனிமேல் படியை ஏற்றிவிட்டுச் சிப்பத்தையும் ஏற்றலாம், இல்லையா அண்ணே?" என்று மெக்கானிக்கிடம் கேட்டேன்.

அவர் சிரித்தார். "புத்தகத்தைப் படிங்க தம்பி" என்றார்.

படித்தேன். என் வண்டி தாங்கக்கூடிய மொத்த எடை, ஓட்டுபவரையும் சேர்த்து, 130 கிலோ. நாங்கள் ஏற்றியது 150. அதிகப்படி 20 கிலோவை எந்தப் படியும் செரிக்காது. அதிலும் காரியரில் வைத்த பாரம் பின் சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. முன் சக்கரத்தைத் தூக்குவதற்கென்றே வைத்தது போல.

போன வாரம் மறுபடி பாபநாசம் போனோம். சிப்பம் பஸ்ஸில் வந்தது. தேங்காய் எட்டாகக் குறைந்தது. மாமியாருக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான். இருட்டிய பிறகு, அதே வளைவில் ஒரு சைக்கிள் எதிரே வந்தது. பால் கேன் இருந்ததா என்று தெரியவில்லை. அது நேராக வந்து, நேராகப் போயிற்று. யாரும் கண்ணடிக்கவில்லை.

"இன்னிக்கு நம்மளை ஒருத்தரும் கவனிக்கல்லே" என்றாள் என் மனைவி. சாலையில் அதைவிட நல்ல பெயர் வேறென்ன வேண்டும்?