மயிலாடும்பாறையில மூணு எல்பி, பிளேயர் மட்டும் இல்ல

போன மாசம் அக்கா போன் பண்ணுச்சு. "தம்பி, உம்மருமகன் ஒம்பதாயிரம் ரூவாய்க்குத் தட்டு வாங்கி வச்சிருக்கான்டா. என்னன்னு கேட்டா பாட்டுங்கிறான். பாட வைடான்னா, அதுக்கு மிசினு வேணுமாம், அது இல்லையாம்" அப்படின்னுச்சு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. அக்காகிட்ட சிரிச்சா செவுனி பிஞ்சிரும்ங்கிறதால, "நான் வர்றேன், பேசிக்கிறேன்"னு வச்சுட்டேன்.

தேனியில பஸ் ஏறி, கண்டமனூர் விலக்குல திரும்பி, கடமலைக்குண்டு தாண்டி மயிலாடும்பாறை. ஒரு பக்கம் மூலவைகை, சுத்தி வருசநாட்டு மலை, வழியெல்லாம் இலவம்பஞ்சு மரம். இந்த ஊர்ல பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பையன் பீரோ மேல பிங்க் ஃப்ளாய்டு, கிங் கிரிம்சன், யெஸ்னு மூணு எல்பி ரெக்கார்டைச் சாமி படம் மாதிரி சாத்தி வச்சிருக்கான். செல்போன்ல ஏதோ கேட்கப்போய், அது அடுத்தடுத்துத் தள்ளிவிட, பையன் புரோகிரசிவ் ராக் கிணத்துல தலைகுப்புற விழுந்துட்டான். திருவிழாக் காசு, பெரியப்பா குடுத்த காசு, அம்மா முந்தானைக் காசுன்னு எல்லாம் அதுல போயிருச்சு. அனுப்புன கடைக்காரன் புண்ணியத்துல மூணுல ஒண்ணு அப்பளம் மாதிரி வளைஞ்சு வேற வந்திருக்கு.

காசு போனதுகூட எனக்குப் பெரிசாப் படல. மச்சான் ராத்திரி சாப்பிட்டுட்டு வழக்கம்போல இளையராஜா பாட்டைப் போட்டாரு. பையன் காதுல விரலை வச்சுக்கிட்டு, "அப்பா, உங்களுக்கு மியூசிக்னா என்னன்னே தெரியாது" அப்படின்னான். மச்சான் ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சுப் போய் பாட்டை நிறுத்திட்டு வெளிய கட்டில்ல படுத்துக்கிட்டாரு. அந்தச் சத்தமில்லாத அஞ்சு நிமிசம்தான் என்னை இதை எழுத வைக்குது.

முதல்ல ஒண்ணைச் சொல்லிடுறேன். புரோகிரசிவ் ராக் கேட்கிறது தப்பே இல்ல. பதினாறு வயசுல அது காதுல விழுறது பாக்கியம். என் சண்டை அந்த இசையோட இல்ல, அதுக்குள்ள புதுசா வர்ற பிள்ளைகளுக்கு நாலு பேர் குடுக்கிற புத்திமதியோட. "செத்துப் போறதுக்குள்ள கேட்க வேண்டிய நூறு ஆல்பம்"னு ஒரு பட்டியல் குடுப்பாய்ங்க. "எல்பியில கேட்காதவன் கேட்டவனே இல்ல"ம்பாய்ங்க. கடைசியா, "இதைக் கேட்டதுக்கப்புறம் சினிமாப் பாட்டெல்லாம் கேட்கவே முடியாது பாஸ்"ம்பாய்ங்க. மூணுமே தப்பு. மூணாவது தப்பு மட்டுமில்ல, வெசம்.

எல்பி எதுக்கு?

எல்பி தட்டு 1948ல வந்துச்சு. பன்னெண்டு அங்குலம், நிமிசத்துக்கு 33⅓ சுத்து, ஒரு பக்கம் சுமாரா இருபது, இருபத்திரண்டு நிமிசம். அதுக்கு முந்துன தட்டுல மூணு, நாலு நிமிசம்தான் புடிக்கும், அதனால பாட்டும் அம்புட்டுதான் இருந்துச்சு. இருபது நிமிசம் கைக்கு வந்ததும் 1970கள்ல இந்தப் பயலுக கேட்ட கேள்வி, "அப்ப ஒரு பாட்டு ஏன் மூணு நிமிசத்துல முடியணும்?"

யெஸ் குழு 1972ல 'க்ளோஸ் டு தி எட்ஜ்'ல ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டை வச்சாங்க. அதே வருசம் ஜெத்ரோ டல், 'திக் அஸ் எ பிரிக்'னு ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பாட்டு. பாதியில எந்திரிச்சுத் தட்டைத் திருப்பிப் போடணும், பாட்டும் அதுக்கு ஏத்த மாதிரி அங்க அடங்கி மறுபடி எழும்பும். பிங்க் ஃப்ளாய்டு 1975ல 'விஷ் யூ வேர் ஹியர்'ல ஒரு பாட்டை ரெண்டாப் பிளந்து, ஆல்பத்தோட தலையில பாதி, வால்ல பாதின்னு வச்சாங்க.

ஆக, எல்பிங்கிறது இவங்களுக்கு வீட்டோட அளவு மாதிரி. அந்த அளவுக்குத்தான் கட்டியிருக்காங்க. இதைப் புரிஞ்சுக்கிட்டா, நீ செல்போன்ல கேட்டாலும் தாவாம, கலைக்காம, முதல் பக்கம், ரெண்டாம் பக்கம்னு கேட்டியானா அதுவே எல்பி கேட்கிறதுதான். இது புரியாம தட்டை வாங்கிப் பீரோ மேல சாத்தினா அது காலண்டர்.

இந்த வியாதி மயிலாடும்பாறைக்கு மட்டும் வந்ததில்ல. அமெரிக்காவுல 2023ல லூமினேட்னு ஒரு நிறுவனம் கணக்கெடுத்தப்ப, ரெக்கார்டு வாங்குறவங்கள்ல சரிபாதிப் பேர்கிட்டதான் பிளேயரே இருந்துச்சாம். மருமகன் உலகத்தோட ஒட்ட ஒழுகுறான், அம்புட்டுதான் :-)

"எல்பியிலதான் சத்தம் உசத்தி"ங்கிறதும் பாதி கதை. இப்ப அச்சடிக்கிற தட்டுல நிறைய, டிஜிட்டல் மூலத்துல இருந்தே போடுறது. அதுலயும் விலை கம்மின்னு சூட்கேஸ் மாதிரி வர்ற பிளேயரை வாங்கினா, ஊசி தட்டுல அஞ்சாறு கிராம் எடையில உக்காரும். நல்ல பிளேயர்ல ரெண்டு கிராம்தான். மூவாயிரத்துக்குத் தட்டு வாங்கி அதுமேல ஏர் ஓட்டுற மாதிரி. இதுக்கு மேல நம்ம ஊர் வெயில். தகரக் கூரைக்குக் கீழ படுக்க வச்சு அடுக்கினா கடைக்காரன் வளைக்காததையும் வெயில் வளைச்சுரும். நிக்க வைக்கணும், நெழல்ல வைக்கணும், தூசி தொடச்சிட்டுத்தான் ஊசியை வைக்கணும்.

நூறு வேணாம், அஞ்சு போதும்

மருமகனுக்கு நான் ஒரு தாள்ல அஞ்சு பேர் எழுதிக் குடுத்தேன். ஒரு ஆல்பத்துக்கு ரெண்டு வாரம். அதுவரைக்கும் அடுத்ததைத் தொடப்படாது.

ஒண்ணு, பிங்க் ஃப்ளாய்டு, 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', 1973. இது அவனுக்கே தெரியும். நான் சொன்னது, 'மணி' பாட்டைத் தாளம் போட்டு எண்ணிப் பாருடான்னு மட்டும். அது நாலு இல்ல, ஏழு.

ரெண்டு, கிங் கிரிம்சன், 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்', 1969. மொத்தம் அஞ்சே பாட்டு. அதுல ஒரு பெரிய வயலின் கூட்டமே அழுற மாதிரி வர்ற சத்தம் மெல்லோட்ரான்ங்கிற பொட்டி. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில ஒரு துண்டு டேப்பு, கட்டையை அமுக்கினா எட்டு செகண்டு ஓடும், அம்புட்டுதான். உங்கப்பன் பரண்ல வச்சிருக்கிற கேசட்டோட பெரியப்பன்னு வச்சுக்கயேன். அட்டையில வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிற அந்த மூஞ்சியை வரைஞ்ச பாரி காட்பர், மறு வருசமே 24 வயசுல செத்துப் போனார்.

மூணு, ஜெத்ரோ டல், 'ஸ்டாண்ட் அப்', 1969. இதுல இயான் ஆண்டர்சன், பாக்கோட ஒரு பழைய வீணை மாதிரி வாத்தியத்துக்கான மெட்டைப் புல்லாங்குழல்ல எடுத்து ராக்கா மாத்துவார்.

நாலு, சக்தி, 1976ல வந்த முதல் ஆல்பம். ஜான் மெக்லாக்லின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவுல மின்சாரக் கிதாரை வச்சு இடி இடிச்சிட்டு, அதைக் கழட்டி வச்சுட்டு நம்மாட்களோட தரையில உக்காந்தார். எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, டி.எச். விநாயக்ராம் கடம், ராம்நாட் ராகவன் மிருதங்கம். ராமநாதபுரம் பேரைத் தாங்குன ஒரு மனுசன் அந்தத் தட்டுல இருக்கார்டா, நம்ம ஊர்ல இருந்து எம்புட்டுத் தூரம்?

அஞ்சு, இளையராஜா, 'ஹவ் டு நேம் இட்', 1986.

அஞ்சாவதைப் படிச்சதும் பையன் மூஞ்சி மாறிருச்சு. "மாமா, இது ராக் இல்லையே"ன்னான்.

பண்ணைப்புரம் எம்புட்டுத் தூரம்?

ராக் இல்லதான். யாரும் அடம்புடிக்கல. ஆனா கேள்வி ஒண்ணுதான். ஜெத்ரோ டல் 1969ல பாக்கைப் புல்லாங்குழலுக்குக் கூட்டியாந்த மாதிரி, இவர் 1986ல பாக்கைத் தன் வீட்டுக்கே கூட்டியாந்தார். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'னு பேரே வச்சார். பாக்கோட வயலின் மெட்டு ஓட ஓட, அதுமேல நம்ம ராகம் ஒண்ணு ஏறி உக்காரும். ஒண்ணு இன்னொண்ணை மிதிக்காது. வயலின் வாசிச்சது வி.எஸ். நரசிம்மன். ஆல்பத்தை தியாகராஜருக்கும் பாக்குக்கும் சேர்த்துக் காணிக்கையாக்கினார். பாட்டு இல்ல, படம் இல்ல, கதாநாயகன் இல்ல. சினிமாவுல உச்சத்துல இருந்தவர் செஞ்ச வேலை இது. ரெண்டு வருசம் கழிச்சு 1988ல ஹரிபிரசாத் சௌராசியாவை வச்சு 'நத்திங் பட் விண்ட்'. 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டன்ல தன் முதல் சிம்பொனியை அரங்கேத்துனப்ப அவருக்கு வயசு எண்பதுக்கு மேல.

இவர் பொறந்த பண்ணைப்புரம், கம்பம் பள்ளத்தாக்குல, நம்ம மலைக்கு அந்தாண்ட பக்கம். பதினாலு வயசுல அண்ணன் பாவலர் வரதராஜனோட கச்சேரிக்கு ஆர்மோனியப் பொட்டியோட கெளம்பினவர். அந்தப் பதினாலு வயசுல அவர்கிட்ட ரெக்கார்டு சேகரிப்பு இருந்து இசை வரல. வயக்காட்டுப் பாட்டும், கட்சி மேடையும், ஊர் ஊரா வாசிச்ச கையும் இருந்துச்சு. பாக் எல்லாம் பின்னாடி, சென்னையில தன்ராஜ் மாஸ்டர்கிட்ட. தெம்மாங்கைத் தூக்கிப் போட்டுட்டு பாக்கைப் புடிக்கல, தெம்மாங்கோட போய்த்தான் பாக்கைப் புடிச்சார். என் கட்சி இதுதான். புதுசு ஒண்ணு உனக்குள்ள வர்றதுக்குப் பழசு வெளிய போக வேண்டியதில்ல. இருக்கிற காதை வச்சுத்தான் புதுக் காது முளைக்கும். அப்பன் கேட்ட பாட்டைக் கேவலமா நினைக்கச் சொல்லிக் குடுக்கிற எந்த ரசனையும் ரசனை இல்ல, சாதித் திமிரு மாதிரி அது ஒரு திமிரு.

இப்பவும் கொச்சியில மதர்ஜேன், பெங்களூர்ல அகம்னு ராக்கையும் கர்நாடக சங்கீதத்தையும் சேர்த்து வாசிக்கிற குழுக்கள் வந்திருக்குன்னா, அவங்க யாரும் வீட்ல கேட்டதைத் தொலைச்சுட்டு அங்க போகல.

அந்த ஏழு

மறுநாள் சாயங்காலம் பையன் திண்ணையில உக்காந்து 'மணி'யை ஸ்பீக்கர்ல போட்டு விரல் விட்டு எண்ணிக்கிட்டு இருந்தான். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஆரம்பிச்சு எங்கயோ வழுக்கி விழுகுது. மச்சான் பஞ்சு மூடைக் கணக்கைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு, நிமிரவே இல்ல. மச்சான் பஜனைக் கோஷ்டியில இருபது வருசமா டோலக் வாசிக்கிறவர். கொஞ்ச நேரத்துல அவர் விரல் நோட்டு மேல தன்னால தட்ட ஆரம்பிச்சிருச்சு. "தகிட தகதிமி... தகிட தகதிமி... ஏழுதானப்பா, இதுல என்ன இருக்கு?"

பையன் திரும்பிப் பார்த்தான். சாக்சபோன் முடிஞ்சு கிதார் வர்ற இடத்துல மச்சான் விரல் ஒரு நொடி நின்னுச்சு. அப்புறம், "இங்க நாலுக்கு மாத்திட்டாய்ங்க" அப்படின்னுட்டு மறுபடி கணக்குக்குப் போயிட்டாரு. பையன் பாட்டை நிறுத்திட்டு முதல்ல இருந்து போட்டான். மன்னிப்பெல்லாம் கேட்கல. அந்த வயசுல யாரு கேட்கிறா? ஆனா திண்ணையில ரெண்டடி அப்பா பக்கமா நகந்து உக்காந்ததை நான் பார்த்தேன்.

இப்ப எங்களுக்குள்ள ஒப்பந்தம். பத்து தரம் முழுசாக் கேட்காத ஆல்பத்தைக் காசு குடுத்து வாங்கப்படாது. பிளேயர் வர்ற வரைக்கும் நாலாவது தட்டு கிடையாது. பிளேயருக்குப் பாதிக் காசு நான் போடுறேன், மீதியை அவன் லீவுல பஞ்சுக் களத்துல வேலை பார்த்துச் சேர்க்கணும். சென்னைக்கு வந்தா மூர் மார்க்கெட் பக்கம் கூட்டிப்போயி, எக்கோ கம்பெனி போட்ட பழைய இளையராஜா தட்டு ஒண்ணு தேடித் தர்றேன். பிளேயர்ல முதல்ல சுத்தப் போறது அது. எந்தப் படம்னு மச்சான்தான் சொல்லணும்.

டிஸ்கி: யெஸ், ஜெனிசிஸ், இ.எல்.பி எல்லாம் எங்கய்யா பட்டியல்லன்னு சண்டைக்கு வர்ற அண்ணாச்சிகளுக்கு: அஞ்சு போதும்னு தலைப்பே போட்டுட்டேன். ஆறாவதைப் பையனே கண்டுபிடிப்பான். வளைஞ்சு வந்த தட்டு எதுன்னு கேட்கிறவங்களுக்கு: யெஸ்தான். எட்ஜுக்கு ரொம்பக் கிட்டப் போயிருச்சு போல :-)