படம் பிடித்தால் போதுமா?

போர்க்களம் எங்கே என்று கேட்டால் நம் பிள்ளைகள் பானிப்பட்டைச் சொல்வர், பிளாசியைச் சொல்வர், வாட்டர்லூவையும் சொல்வர். மணிமங்கலத்தைச் சொல்லார்!

அது கடல்கடந்த நாட்டில் இல்லை, தோழர்களே! தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியே மேற்கே சென்றால் வந்துவிடும் ஊர். படையெடுத்து வந்த சாளுக்கியப் புலிகேசியைப் பரியலம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களிலே புறங்காட்ட வைத்தான் பல்லவன் நரசிம்மவர்மன் என்று கூரம் செப்பேடு கூறுகிறது. அங்கே தொடங்கிய விரட்டு, 642-ல் வாதாபியிலே முடிந்தது. அந்த மண்ணருகே இன்று மனைப்பிரிவுக் கற்கள் முளைக்கின்றன. நினைவுக் கல்லைப் பற்றிய பேச்சோ எழவில்லை!

பரங்கிமலைக்கு வாருங்கள். ஞாயிறுதோறும் படியேறுகிறார்கள், கைப்பேசியை நீட்டுகிறார்கள், படம் பிடித்து இறங்குகிறார்கள். 1759 பிப்ரவரியில் அம்மலையடியிலே, சென்னையை முற்றுகையிட்ட பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையோடு பொருதவர்களில் பனையூரில் பிறந்த யூசுப்கானும் ஒருவன் என்று எத்தனை பேர் அறிவர்? வெள்ளையனுக்காக வாளேந்திய அவனையே, எதிர்த்து நின்றான் என்பதற்காக 1764-ல் மதுரையில் தூக்கிலிட்டனர். நம் கை வலிமை. அவர்கள் கணக்கில் வெற்றி. நமக்குக் கிடைத்ததோ கயிறு!

வென்றவன் வாளாவிருக்கவில்லை. 1858-ல் இலக்னோ சிக்கந்தர்பாக்கின் இடிபாடுகளை, சிதறிய எலும்புகளோடு படம் பிடித்தான் பெலிச்சே பியாட்டோ. அந்த எலும்புகளுக்குப் பெயர் உண்டா? இல்லை. படம் இருக்கிறது, மனிதனைக் காணோம்!

“பழம்போரைக் கிளறுவது வெறியூட்டும் வேலை” என்பர் சிலர். வெறியா? நரசிம்மவர்மனின் தந்தை மகேந்திரவர்மன் காலத்திலேயே, செங்கத்தை அடுத்த எடுத்தனூரில், ஆநிரைப் பூசலில் மாண்ட கருந்தேவக்கத்திக்குக் கல் நட்டான் தமிழன். உடன்நின்ற நாய் கோவிவனின் பெயரையும் பொறித்தான். நாயையும் மறவாத நன்றி வெறியாகுமா?

மணிமங்கலக் கோயிற் கல்வெட்டு, கொப்பத்துப் போரிலே வீழ்ந்த பகைத் தலைவர்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. பகைவனுக்குக் கல்லில் இடம் உண்டு. சோழனுக்காக மாண்ட காலாளுக்கு இல்லை! மன்னன் பெயர் முழங்கினான். உழவன் மகன் உரமானான். அரண்மனைக் கதையை வரலாறென்று நம்பியதால் வந்த வினை இது.

ஆகவே கேட்கிறோம்: மணிமங்கலத்திலும், பரங்கிமலையிலும், 1746-ல் பிரெஞ்சுக்காரரின் சிறுபடை ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையை முறியடித்த அடையாற்றங்கரையிலும், ஆண்டும் நிகழ்ச்சியும் தாங்கிய கற்கள் எழட்டும். அவற்றிலே கடைசி வரி, பெயரறியாக் காலாட்களுக்கென்று இருக்கட்டும். பள்ளி மாணவரை அங்கே அழைத்துச் செல்லுங்கள். இளைஞனே, நீயும் படம் பிடி! ஆனால் அதன் கீழே, யார் பொருதார், எவருக்காக மாண்டார் என்று இரண்டு வரி எழுது. எழுதாத படம் வேடிக்கை. எழுதிய படமே நடுகல்!