"உள்ள போகுமா?"ன்னு கேட்காதீங்க

அலாய் வீல் மாத்தப் போகும்போது கடைக்காரரிடம் நாம கேட்கிற முதல் கேள்வியே தப்பு. "அண்ணே, இந்த வண்டிக்கு 17 இன்ச் உள்ள போகுமா?" சென்னை ஜி.பி. ரோட்டில் எந்தக் கடை வாசலில் நின்றாலும் கொஞ்ச நேரத்தில் இந்தக் கேள்வி காதில் விழும். பதிலும் பெரும்பாலும் ஒண்ணுதான்: "தாராளமா போகும் தம்பி." அவர் பொய் சொல்லவில்லை. பல வண்டிகளில் போகத்தான் செய்யும். ஆனா உள்ளே போறது வேற, அந்த டயர் அந்த வண்டியைச் சுமக்கத் தகுந்ததா என்பது வேற. முதல் கேள்விக்குக் கண் போதும். ரெண்டாவதுக்குக் கொஞ்சம் கணக்குப் போடணும். பீம் பெண்டிங்கெல்லாம் போடுற நாம இதைப் போட மாட்டேங்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

கணக்கு ரொம்பச் சின்னது. டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர் 15 88 எச் என்று இருந்தால், 185 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது சதவீதம்: பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 சதவீதம். 15 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். (ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், இன்ச் மூணையும் கலந்து வெச்ச மகானுக்கு நம்ம காலேஜில் அரியர் நிச்சயம்.) பக்கச்சுவரை ரெண்டால் பெருக்கி ரிம் விட்டத்தோடு கூட்டினால் டயரின் மொத்த விட்டம். கடைசியில் இருக்கிற 88 எடை தாங்கும் குறியீடு, எச் வேகக் குறியீடு.

2018-ல் வந்த ஸ்விஃப்ட்டையே எடுத்துக்குவோம். நம்ம பார்க்கிங்கில் நிக்கிற கார்களில் பாதி அதுதான். கீழ் வேரியன்ட்டில் 165/80 ஆர் 14, மேல் வேரியன்ட்டில் 185/65 ஆர் 15. கூட்டிப் பாருங்க: முதலாவது 619.6 மி.மீ., ரெண்டாவது 621.5 மி.மீ. ரிம் ஒரு இன்ச், அதாவது 25 மி.மீ.க்கு மேல் பெரிசாச்சு; மொத்த விட்டம் மாறினது 2 மி.மீ. கூட இல்லை. கம்பெனிக்காரன் ரிம்மைப் பெரிசாக்கும்போது பக்கச்சுவரை அதே அளவுக்குக் குறைச்சுட்டான். ஸ்பீடோமீட்டர், கியர் விகிதம், ஏபிஎஸ் எல்லாமே அந்த விட்டத்தை நம்பித்தான் அமைக்கப்பட்டிருக்கு.

இதே கணக்கில் 195/55 ஆர் 16 போட்டால் 620.9 மி.மீ. அருமை. 205/45 ஆர் 17 போட்டால் 616.3. இதுவும் ஒரு சதவீதத்துக்குள்தான். ஆனா கடையில் 45 ஸ்டாக் இல்லை, "50 போட்டுக்கோ தம்பி, இன்னும் கெத்தா இருக்கும்" என்று சொன்னால்? 205/50 ஆர் 17 என்பது 636.8 மி.மீ., மேல் வேரியன்ட் டயரைவிட ரெண்டரை சதவீதம் பெரிசு. சக்கரம் அதே சுற்று சுற்றினாலும் வண்டி அதிக தூரம் போகும். மீட்டர் முன்பு காட்டியதைவிடக் குறைச்சுக் காட்டும், ஓடோமீட்டரும் அப்படியே. கம்பெனிகள் மீட்டரைக் கொஞ்சம் கூட்டிக் காட்டுற மாதிரிதான் வைப்பாங்க, அதனால் சமாளிக்கலாம்னு சிலர் சொல்வாங்க. சமாளிக்கலாம்தான். ஆனா அந்தக் கூடுதல் வெச்சது நம்ம பந்தாவுக்காக இல்லை.

விட்டம் சரியா வந்துட்டா வேலை முடிஞ்சதுன்னு இணையத்தில் பாதிப் பேர் அங்கேயே நிறுத்திடுறாங்க. எனக்கு உண்மையான சண்டையே இதுக்கு அப்புறம்தான்.

எடையைச் சுமப்பது ரப்பர் இல்லை, ரிம்மும் இல்லை. உள்ளே இருக்கிற காற்று. எவ்வளவு காற்று, என்ன அழுத்தத்தில் இருக்கு என்பதுதான் டயர் எவ்வளவு தாங்கும் என்பதைத் தீர்மானிக்குது. ரிம்மைப் பெரிசாக்கிப் பக்கச்சுவரைக் குறைச்சால் காற்றுக்கு இடம் போச்சு. குறியீடுகளைப் பாருங்க. கீழ் வேரியன்ட்டின் ஒல்லி டயர் 165/80 ஆர் 14-க்கு வழக்கமான குறியீடு 85, அதாவது ஒரு டயருக்கு 515 கிலோ. 185/65 ஆர் 15-க்கு 88, 560 கிலோ. பார்க்கவே பயில்வான் மாதிரி இருக்கிற 205/45 ஆர் 17-க்கு, சாதாரண ரகத்தில், 84. அதாவது 500 கிலோ! 40 மி.மீ. அகலமான, 3 இன்ச் பெரிய ரிம் போட்ட டயர், அந்த ஒல்லிப்பிச்சானைவிடக் குறைவாகச் சுமக்குது. இதை முதல் தடவை பட்டியலில் பார்க்கும்போது நம்ப முடியல.

எக்ஸ்ட்ரா லோடு ரகம் வாங்கினால் 88 கிடைக்கும். ஆனா அந்த 560 கிலோ சும்மா வராது. சாதாரண ரகத்தின் எண் 36 பிஎஸ்ஐ அளவிலும், எக்ஸ்ட்ரா லோடின் எண் 42 பிஎஸ்ஐ அளவிலும் கணக்கிடப்பட்டது. டயரை மாத்திட்டு, கதவுத் தூண் ஸ்டிக்கரில் இருக்கிற பழைய அழுத்தத்தையே அடிச்சால், காசு கொடுத்து வாங்கின அந்த 88 உங்களுக்குக் கிடைக்கல. பெட்ரோல் பங்கில் "எவ்வளவு சார்?" என்று கேட்டால் பழக்கதோஷத்தில் பழைய எண்ணைத்தானே சொல்வோம்?

"முழு லோடில் ஸ்விஃப்ட் ஏறத்தாழ 1,300 கிலோதானே, நாலு டயருக்கு 2,000 கிலோ தாங்குதே, போதாதா?" என்று ஒருத்தன் கேட்பான். நின்னுட்டு இருக்கிற வண்டிக்குப் போதும். அஞ்சு பேர், டிக்கி நிறைய பை, குலதெய்வம் கோயிலுக்குப் போற வழியில் பிரேக் அடிச்சுக்கிட்டே ஒரு குழியில் முன் சக்கரம் இறங்குது. எடை முன்னாடி சாயுது, அந்தக் கணத்தில் அந்த ஒரு டயர் மேல் விழுற விசை நாலில் ஒரு பங்கு இல்லை. இருக்கிற மிச்சத்தைச் சாப்பிடுறது அந்தக் குழிதான். 165/80-ல் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் 132 மி.மீ. பக்கச்சுவர். 185/65-ல் 120. 195/55-ல் 107. 205/45-ல் 92. குழியின் விளிம்பு ரிம்மைத் தொடுற தூரம் அவ்வளவு குறைஞ்சுடுச்சு. பிறகு பக்கச்சுவரில் ஒரு கொப்பளம் வரும். அது உள்ளே நூலிழை அறுந்ததன் அடையாளம். பஞ்சர் மாதிரி ஒட்ட முடியாது, டயரையே தூக்கிப் போடணும். மழைக்காலம் முடிஞ்சதும் டயர் கடை வாசலில் கழற்றிப் போட்டிருக்கிறதைப் பார்த்தால் தெரியும், லோ ப்ரொஃபைல் எத்தனை கிடக்குதுன்னு.

எதிர்த் தரப்பையும் சொல்லிடணும். குட்டைப் பக்கச்சுவர் வளைவில் கம்மியா நெளியும், ஸ்டியரிங் திருப்பினதும் வண்டி உடனே கேட்கும். உண்மைதான். கோவை காரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி வழவழப்பான தளத்தில் அது சுகம். ஆனா அதே காரியில் நடக்கிற ஃபார்முலா பாரத்துக்கு வர்ற மாணவர் கார்களைப் பாருங்க: 13 இன்ச், 10 இன்ச் சக்கரங்கள். சுழலுற எடையைக் குறைக்கணும்னு தலையைப் பிச்சுக்கிறவங்க பெரிய சக்கரம் தேடிப் போறதில்லை. ஃபார்முலா 1-ம் 2021 வரைக்கும் 13 இன்ச்சில்தான் ஓடுச்சு. 2022-ல் 18-க்கு மாறினாங்களே என்று கேட்டால், அந்த ரோட்டில் ஸ்பீட் பிரேக்கர் இல்லை, அவ்வளவுதான்.

மழைக்கும் இதில் பங்கு உண்டு. அதே அழுத்தத்தில் அகலமான டயர் தேங்கின தண்ணிமேல் சீக்கிரம் மிதக்க ஆரம்பிக்கும். நவம்பரில் ஓஎம்ஆரில் ஓட்டுறவங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மற்றதைச் சுருக்கமாச் சொல்றேன். டயர் அகலத்துக்கும் ரிம் அகலத்துக்கும் பொருத்தம் இருக்கணும். 195/55 ஆர் 16 என்றால் அஞ்சரையிலிருந்து ஏழு இன்ச் வரை. ஸ்விஃப்ட்டுக்கு நாலு போல்ட், பிசிடி 100. நடு ஓட்டை 54.1 மி.மீ.; வெளிச்சந்தை வீலில் ஓட்டை பெரிசா இருந்தால் ஹப் ரிங் கேட்டு வாங்குங்க, இல்லைன்னா பேலன்ஸ் பண்ணியும் ஸ்டியரிங் ஆடுறது நிக்காது. ஆஃப்செட் குறைஞ்சால் சக்கரம் வெளியே தள்ளும். கெத்தாத்தான் இருக்கும், வீல் பேரிங் மேல் விழுற மொமென்ட்டும் கூடும். அது நாம ரெண்டாம் வருஷத்தில் படிச்ச அதே மொமென்ட்.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்குது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாச் சொல்லிடுச்சு. இன்சூரன்ஸ்காரங்களிடம் சொல்லாமல் மாத்தினால் க்ளெய்ம் நேரத்தில் கேள்வி வரும். வண்டி பெரும்பாலும் அப்பா பேரில், இஎம்ஐயும் அப்பா கட்டுறார். பதில் சொல்லப் போறதும் அவர்தான்.

அதனால் என் கட்சி இதுதான்: கீழ் வேரியன்ட் வெச்சிருந்தால் மேல் வேரியன்ட்டின் அளவுக்குப் போங்க, கம்பெனியே கொடுத்த 185/65 ஆர் 15. அடங்கவே மாட்டேன்னா, கணக்குப்படி ஒத்துப்போற 195/55 ஆர் 16 வரைக்கும், அதுவும் 87-க்குக் குறையாத குறியீட்டோடு, இன்சூரன்ஸில் சொல்லிட்டு. 17-க்கு வெச்சிருந்த மிச்சக் காசை டயரின் தரத்தில் போடுங்க. கடையில் பில் போடுறதுக்கு முன்னாடி பக்கச்சுவரில் டிஓடி எழுத்துகளுக்குப் பின்னால் வர்ற கடைசி நாலு எண்ணைத் தேடிப் பாருங்க. 2523 என்றால் 2023-ம் வருஷம் 25-வது வாரம் செய்த டயர். நாலு டயரிலும் பாருங்க, ஒண்ணில் மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க.