தேர்ந்தெடுப்பது கிளாத்ரின் அல்ல

செல்லின் வெளிச்சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் எப்படி உள்ளே போகின்றன என்று கேட்டால், உயிரியல் படித்தவர்கள் சட்டென்று சொல்லும் பெயர் கிளாத்ரின். 1976-ல் கேம்பிரிட்ஜில் பார்பரா பியர்ஸ் பெயர் சூட்டிய புரதம் அது. மூன்று கால்கள் கொண்ட கிளாத்ரின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கூடையாகும். அந்தக் கூடையின் அணைப்பில் சவ்வு உட்புறமாகக் குழிந்து, குமிழியாகக் கழன்று உள்ளே போகும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க அவ்வளவு அழகு. பெருமை முழுவதும் அதற்கே போனதில் வியப்பில்லை. ஆனால் கிளாத்ரின் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. சவ்வையோ, ஏற்றிச்செல்லப்படும் புரதத்தையோ அது நேரடியாகப் பிடிப்பதில்லை. இது வரட்டும், அது இருக்கட்டும் என்று பிரிப்பவை இடையில் நிற்கும் அடாப்டர் புரதங்கள்.

பிரித்தெடுக்க ஓர் அடையாளம் வேண்டும். அந்த அடையாளம் எங்கே இருக்கிறது என்பதை ஒரு நோயாளியின் தோல் செல்கள்தான் காட்டின. 1970களில் டல்லாஸில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் பரம்பரையாக வரும் கொலஸ்ட்ரால் மிகைப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து ஓடும் எல்.டி.எல். துகளை உள்ளே இழுக்கச் செல்லின் மேல் ஓர் ஏற்பி இருக்கிறது. பெரும்பாலான நோயாளிகளிடம் அந்த ஏற்பி குறைவாக இருந்தது, அல்லது இருந்தும் எல்.டி.எல்.லைப் பிடிக்கவில்லை. ஒருவர் விஷயத்தில் மட்டும் கதை வேறு. அவருடைய செல்களில் ஏற்பி இருந்தது, எல்.டி.எல்.லை ஒழுங்காகப் பிடித்தது, ஆனாலும் எதுவும் உள்ளே போகவில்லை. எல்.டி.எல்.லோடு இரும்பு அடங்கிய ஃபெரிட்டினைச் சேர்த்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். நல்ல செல்களில் கரும்புள்ளிகள் கிளாத்ரின் குழிகளில் குவிந்திருந்தன. மேற்பரப்பில் சுமார் 2 சதவீதமே உள்ள அந்தக் குழிகளில் ஏற்பிகளில் பாதிக்கும் மேல் இருந்தன. இவருடைய செல்களில் குழிகளும் இருந்தன, புள்ளிகளும் இருந்தன. ஆனால் புள்ளிகள் குழிகளுக்கு வெளியே சிதறிக் கிடந்தன.

காரணம் 1986-ல் தெரிந்தது. அந்த ஏற்பி 839 அமினோ அமிலங்களால் ஆனது. கடைசி 50 மட்டும் செல்லுக்குள் வாலாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலில் 807-வது இடத்தில் இருக்க வேண்டிய டைரோசினுக்குப் பதில் இவருக்குச் சிஸ்டீன் இருந்தது. 839-ல் ஒன்று மாறியதால், மற்றபடி குறையில்லாத ஒரு புரதம் கேட்பாரற்று வெளியிலேயே நின்றுவிட்டது. ஒரு புரதம் நன்றாக இருப்பது வேறு, இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது வேறு. இந்த வித்தியாசத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

வாலில் உள்ள இத்தகைய அடையாளங்களைப் படிப்பவைதான் அடாப்டர்கள். வெளிச்சவ்வில் முக்கியமானது ஏபி-2. நான்கு துணைப் புரதங்கள் சேர்ந்த கூட்டு அது. ஒரு துணைப் புரதம் டைரோசின் கொண்ட ஒருவகை அடையாளத்தைப் பிடிக்கும். அடுத்தடுத்து இரண்டு லூசின்கள் வரும் அடையாளத்துக்கு வேறொரு பள்ளம் உண்டு. ஆனால் செல்திரவத்தில் மிதக்கும்போது ஏபி-2 இந்தப் பள்ளங்களை மூடிவைத்திருக்கிறது. வெளிச்சவ்வின் உட்புறத்தில் பிஐபி-2 என்ற கொழுப்பு நிறைய இருக்கிறது. அதில் படிந்த பிறகே ஏபி-2 தன்னை விரித்து, வால்களைப் பிடிக்கத் தயாராகிறது. பேங்க் லாக்கரில் வாடிக்கையாளர் சாவியும் பேங்க் சாவியும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும் அல்லவா, அதுபோலத்தான். சவ்வு சரியானதாக இருக்க வேண்டும், சரக்கும் சரியானதாக இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் கிளாத்ரின் வந்து சேரும். கட்டுப்பாடு என்று நாம் சொல்வதன் சாரமே இந்த இரட்டைச் சோதனைதான்.

ஏபி-2-க்கு உறவான அடாப்டர்களும் உண்டு. ஏபி-1 செல்லுக்குள் உள்ள கோல்கியிலும் எண்டோசோமிலும் வேலை செய்கிறது. அங்கே கொழுப்பு வேறு. கூடவே ஆர்ஃப்-1 என்ற சிறு புரதமும் வேண்டும். ஏபி-3 கெட்டால் தோல் வெளிறும், ரத்தக் கசிவு எளிதில் நிற்காது, நோய் எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறையும். நிறமி நுண்ணுறுப்புக்கும் தட்டணுத் துகள்களுக்கும் போக வேண்டிய புரதங்கள் வழிமாறிவிடுகின்றன. ஹெர்மான்ஸ்கி-புட்லாக் நோயின் இரண்டாம் வகை இது. எச்.ஐ.வி. கிருமி இந்த அடாப்டர் ஏற்பாட்டையே தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. அதன் நெஃப் புரதம் ஏபி-2-ஐப் பிடித்துச் செல்லின் மேலிருக்கும் சிடி4 என்ற புரதத்தை உள்ளே இழுத்து அழிக்கிறது.

மீண்டும் எல்.டி.எல். ஏற்பிக்கு வருவோம். அதன் டைரோசின் அடையாளத்தைக் கல்லீரலில் படிப்பது ஏஆர்எச் என்ற இன்னொரு அடாப்டர். 2001-ல் அதன் மரபணுவை அடையாளம் காண இத்தாலியின் சார்டினியா தீவுக் குடும்பங்கள் உதவின. இந்த அடாப்டர் இல்லாதவர்களின் தோல் செல்களைச் சோதித்தால் எல்.டி.எல். ஒழுங்காகவே உள்ளே போகிறது. அங்கே டாப்-2 என்ற வேறோர் அடாப்டர் அந்த வேலையைப் பார்த்துவிடுகிறது. கல்லீரலில் அப்படி ஈடுசெய்ய ஆள் இல்லை. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறுகிறது.

இந்த நோய் வரத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் கெட்ட பிரதி வந்தாக வேண்டும். அவர்களுடைய கொலஸ்ட்ரால் அளவு பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும், ஆகவே முன்னெச்சரிக்கை எதுவும் கிடைக்காது. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்திலேயே பெண் கொடுத்து எடுக்கும் குடும்பங்களில் இப்படி இருபுறமும் ஒரே குறை சேரும் வாய்ப்பு கூடுதல். பிள்ளையின் முழங்கையிலோ, முழங்காலிலோ, குதிகாலுக்கு மேலோ மஞ்சள் நிறக் கொழுப்புக் கட்டி தென்பட்டால், “எங்கள் வீட்டில் யாருக்கும் கொலஸ்ட்ரால் இல்லையே” என்று விட்டுவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஏற்பியே இல்லாத குழந்தைகளைவிட, அடாப்டர் இல்லாத குழந்தைகளுக்கு மருந்து நன்றாக வேலை செய்கிறது.